கல்லூரிக் கழகங்கள் வளர்த்த கலை

1897ஆம் ஆண்டு தை மாதம். மேனாடுகளில் வேதாந்தத்தின் பெருமையை எடுத்துரைத்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். அங்கிருந்து கண்டிக்கும், கண்டியிலிருந்து மாத்தளைக்கும் வந்து சேர்ந்தார். புகையிரதப் பாதை அக்காலத்தில் மாத்தளையோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் யாழ்ப்பாணம் வரை குதிரை வண்டிப் பயணமே கதி. தம்புள்ளையைக் கடந்து சில கல் தூரம் சென்றதும், ஓர் இறக்கத்தில் வண்டியின் முன்சில்லு நொறுங்கிப் போயிற்று. உலகம் போற்றிய துறவி நம் நாட்டு வீதியோரத்திலே மூன்று மணி நேரம் காத்திருந்தார். பின்பு மாட்டு வண்டியின் உதவியோடு பயணந் தொடர்ந்தது. சில நாட்களுக்குப் பின் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியிலே கூடிய பெருங்கூட்டத்தின் முன் அவர் வேதாந்தத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

கலேவெலவில் வாழும் நமக்குத் தம்புள்ளை அயலூர். நம் வீட்டு வாசலை ஒட்டினாற்போல அவ்வரலாறு நடந்து சென்றது எனலாம். ஆயினும் நாம் இங்கு சிந்திக்க விழைவது சுவாமிகளின் பயணத்தைப் பற்றியன்று. அவர் பேசிய இடம் கோயில் மண்டபமன்று, அரசர் சபையன்று, ஒரு கல்லூரி. ஒரு நூற்றாண்டுக்கு முன் நம்மவர் தம் சமயத்தையும் பண்பாட்டையும் எடுத்துப் பேசுதற்குக் கல்லூரியே களமாக அமைந்தது எவ்வாறு? அக்கல்லூரிகளிலே மாணவர் கூட்டிய கழகங்கள் இசையையும் ஓவியத்தையும் கூத்தையும் எவ்வாறு வளர்த்தன? எவ்விடத்தில் அவை தவறின? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வி வந்தது, கலை நின்றது

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே அவர்கள் நிறுவிய செமினரி, அக்கால ஆசியாவின் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாக விளங்கிற்று. 1824இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு பாடசாலை தொடங்கப்பெற்றது. கணிதம், வானசாத்திரம், ஆங்கிலம் என்பவற்றோடு தமிழிலக்கணமும் இலக்கியமும் செமினரியிற் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அச்செமினரியின் மாணவரே என்பதை மறத்தலாகாது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகையை வெளியிட்டதும் அம்மிஷனே. மிஷன் கல்வி தமிழை அழித்தது என்று கூறுவது உண்மைக்கு மாறானதாகும்.

எனினும், தமிழ் மொழியைப் போற்றிய மிஷனரிமார் தமிழரின் ஆடலையும் பாடலையும் அவ்வாறு போற்றினாரல்லர். கூத்தும் மேளமும் தாளமும் கோயில் வழிபாட்டோடு பின்னிக் கிடந்தமையால், அவை அஞ்ஞானத்தின் சின்னங்களாக அவர்களுக்குத் தோன்றின. கத்தோலிக்கத் திருச்சபையார் இதற்கு மாறாக நடந்தனர். அவர்கள் புனிதர்களின் சரிதைகளைக் கூத்தாக்கி, மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் ஆடச் செய்தனர். புரட்டஸ்தாந்து மிஷன்களோ சங்கீதம் என்றால் ஞானப்பாட்டு, நாடகம் என்றால் சேக்ஸ்பியர் என்ற எல்லைக்குள் நின்றன.

மறுபுறத்திலே, நம் சமயத்தவரும் கலை விடயத்தில் முழு மனத்தினராய் இருந்திலர். ஆறுமுக நாவலர் அவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம், அச்சுக்கூடம், பாலபாடம், வகுப்பு முறை யாவும் மிஷனரிமாரிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட கருவிகள். அக்கருவிகளைக் கொண்டே அவர் சைவத்தைக் காத்தார். ஆனால், கோயில்களில் நிகழ்ந்த தாசிகளின் ஆட்டத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஒழுக்கம் பற்றிய அவரது கவலை நியாயமானதே. எனினும், அதன் பின்விளைவாக, ஆடல் என்பது நற்குடிப் பிள்ளைகளுக்கு ஆகாதது என்ற எண்ணம் படித்த சைவக் குடும்பங்களில் ஊன்றி விட்டது. ஆக, பாதிரியாரும் பண்டிதரும் வேறு எதில் மாறுபட்டாலும் இந்த ஒன்றில் ஏறக்குறைய ஒத்திருந்தனர்: கலை வகுப்பறைக்கு வெளியே நிற்க வேண்டியது.

கழகம் என்னும் கருவி

வகுப்பறைக்குள் நுழைய இயலாத கலை பின்வாசல் வழியாக நுழைந்தது. அப்பின்வாசலின் பெயரே கழகம்.

மாணவர் தாமே கூடித் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்போரைத் தெரிந்து, கூட்டக் குறிப்பு எழுதி, விவாதம் நடத்தும் வழக்கம் மேனாட்டிலிருந்து மிஷன் பாடசாலைகளுக்கு வந்தது. இலண்டனில் 1844ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் உலகெங்கும் பரவியது. அதனைக் கண்டே நம்மவரும் இந்து வாலிபர் சங்கங்களை ஏற்படுத்தினர். இம்மலரை வெளியிடும் எமது சங்கமும் அந்த மரபில் வந்த கிளையே என்பதை நாம் வெட்கமின்றி ஒப்புக்கொள்ளலாம். பிறரிடமிருந்து பாத்திரத்தை வாங்கியது குற்றமன்று. அதில் எதனைச் சமைத்தோம் என்பதே கேள்வி.

1888இல் யாழ்ப்பாணத்திலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890இல் அச்சபை பொறுப்பேற்ற பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. 1902இல் கொழும்பிலே விவேகானந்த சபை நிறுவப்பட்டது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைத் தொடக்கினார்; ஆண்களுக்கான பரமேஸ்வராக் கல்லூரி 1921இல் எழுந்தது. இச்சைவக் கல்லூரிகள் பாடத்திட்டத்தில் மிஷன் கல்லூரிகளையே பின்பற்றின. பரீட்சைகள் இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் தயாராயின. அப்பரீட்சைகளில் தேவாரப் பண்ணுக்கும் பரதத்துக்கும் இடமேது? ஆதலால் சைவக் கல்லூரியிலும் மிஷன் கல்லூரியிலும் ஒருங்கே, பண்பாடு பற்றிய பொறுப்பு பாடவேளை முடிந்தபின் கூடும் கழகங்களின் தலையில் விழுந்தது. சரசுவதி பூசை, தமிழ் விழா, நாடகம், கையெழுத்துச் சஞ்சிகை என்பன அக்கழகங்களின் பணிகளாயின. வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையிலே கூடும் மாணவ மன்றத்தில் ஒரு சிறுவன் நடுங்கும் குரலில் பாடும் முதற் பாட்டுக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்புண்டு.

இக்காலத்தில் உலகின் பிற இடங்களிலும் இதே தாகம் எழுந்திருந்தது. 1905இல் கொழும்பிலே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், மேனாட்டு உடையையும் பழக்கத்தையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்து, நாட்டுக் கைவினைகளின் பெருமையை எடுத்துரைத்தார். வங்காளத்திலே தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்திற் பள்ளியைத் தொடங்கினார். அவரே 1934இல் ஹொரணையில் ஸ்ரீபாலி என்னும் கலைக் கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1936இல் சென்னை அடையாற்றிலே ருக்மிணி தேவியார் கலாசேத்திரத்தை நிறுவியதும், ஆடல் நற்குடிக்கு ஆகாதது என்ற எண்ணம் மெல்ல மெல்லக் கரையலாயிற்று.

மாணவர் எழுப்பிய பெருங்கேள்வி

கல்லூரிக் கழகங்களின் வரலாற்றில் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்க ஆண்டு 1924. அவ்வாண்டின் இறுதியிலே யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் பிறந்தது. இதன் உயிர்நாடியாய் விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள். அவர் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் மாணவர், பிறப்பால் கிறிஸ்தவர். மிஷன் கல்லூரிகளிலும் சைவக் கல்லூரிகளிலும் பயின்ற இளைஞரும் ஆசிரியரும் சமய வேறுபாடின்றி ஓரணியில் நின்றனர். தாய்மொழிக் கல்வி, தேசிய உடை, நாட்டின் இலக்கியம், இசை, கலை என்பவற்றை ஆதரித்தல், தமிழ் மாணவர் சிங்களம் கற்றல், தீண்டாமையை ஒழித்தல் என்பன அவர்களது குறிக்கோள்கள். அவர்களது அழைப்பை ஏற்றே 1927ஆம் ஆண்டு கார்த்திகையில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். மாணவர் சிலர் கூடித் தொடங்கிய ஒரு கழகம் மகாத்மாவை அழைத்து வந்தது என்றால், கழகங்களின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இக்காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1931இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபின் அதன் செல்வாக்குக் குன்றியது. எனினும் அது கேட்ட ஒரு கேள்வி இன்னும் நம் முன் நிற்கின்றது. பண்பாடு, பண்பாடு என்று பேசுகின்றோமே, அது யாருடைய பண்பாடு? ஒரே பாடசாலையில் ஒருசார் பிள்ளைகள் வாங்கிலும் மறுசார் பிள்ளைகள் நிலத்திலும் இருந்து கற்ற காலம் அது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று அரசாங்கம் 1930ஆம் ஆண்டளவில் பணித்தபோது, சில இடங்களிலே பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. தீ வைத்த கைகளும் தீபாராதனை கண்டு கூப்பிய கைகளே. இதனை எழுத நமக்கு உவப்பில்லை. ஆயினும் வரலாறு எழுதப் புகுந்தவன் இனிப்பானவற்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பரிமாறுதல் தகாது.

தூரிகை ஏந்தியவர்கள்

ஓவியத் துறையிலும் கழகங்களே வழிகாட்டின. யாழ்ப்பாணத்திலே ஆசிரியராயிருந்த கலைப்புலவர் க. நவரத்தினம் அவர்கள் கலாநிலையம் என்னும் அமைப்பை நடத்தி, சிற்பம், ஓவியம், இலக்கியம் பற்றிய சொற்பொழிவுகளுக்கு வழி செய்தார். தென்னிந்திய சிற்ப வடிவங்களைப் பற்றியும் இலங்கையின் கலை வளர்ச்சியைப் பற்றியும் தமிழில் நூலெழுதிய முன்னோடி அவர்.

1920இல் ஓவியக் கல்விக்குப் பொறுப்பான பிரதம வித்தியாதரிசியாக இலங்கைக்கு வந்த வின்சர் என்னும் ஆங்கிலேயர், பிள்ளைகள் சட்டங்களையும் சாடிகளையும் பார்த்துப் படி எடுக்கும் முறையை மாற்ற முயன்றார். அவர் காட்டிய வழியில் நின்ற சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை அவர்கள், 1938இல் யாழ்ப்பாணத்திலே வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் ஓய்வு நாட்களிற் கூடி வரைந்தனர்; ஒருவர் வரைந்ததை மற்றவர் ஆராய்ந்தனர்; கண்காட்சிகள் வைத்தனர். தாம் அங்கு பெற்ற பயிற்சியை மறுநாள் வகுப்பறைக்குக் கொண்டு சென்றனர். பின்னர், 1959ஆம் ஆண்டளவில், ஓவியர் அ. மாற்கு முதலியோர் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கி, பள்ளி விடுமுறையில் இளைஞருக்கு இலவசமாகப் பயிற்சி அளித்தனர்.

இக்கழகங்களுக்குக் கட்டடமில்லை; பெரும் பணமில்லை. அவற்றிடம் இருந்தவை இரண்டே: தவறாது கூடும் நாளொன்று, கற்பிக்க மனமுள்ள மூத்தவர் ஒருவர். இவ்விரண்டும் இருந்தவரை அவை வாழ்ந்தன. மூத்தவர் இடமாற்றம் பெற்றோ இளைப்பாறியோ சென்றதும் தேய்ந்தன. கழகங்களை அமைக்க விழைவோர் கருத்திற் கொள்ளத்தக்க பாடம் இது.

கூத்து மேடையேறிய கதை

கலைகளுள் மிகத் தாமதமாகக் கல்லூரி வாசலை மிதித்தது கூத்து. கிராமத்து வெளியிலே வட்டக்களரி அமைத்து, விடிய விடிய ஆடப்பெற்ற கலை அது. மத்தளமும் சல்லரியும் முழங்க, அண்ணாவியார் பாட, உழைத்துக் களைத்த மக்கள் தாமே அரசராகவும் அருச்சுனனாகவும் மாறி ஆடினர். படித்தவர் அதனைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கினர்.

1956ஆம் ஆண்டிலே பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர அவர்களின் மனமே நாடகம் கொழும்பில் அரங்கேறியது. சிங்கள நாடக உலகின் திருப்புமுனை என்று அதனைக் கூறுவர். அந்நாடகத்தின் வடிவம் சிங்கள மக்களிடையே வழங்கிய நாடகம் என்னும் கிராமியக் கலையிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கிராமியக் கலையோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. பெயரே அதற்குச் சான்று பகரும். நம் வீட்டு முற்றத்திற் கிடந்த மணியை அயலவர் எடுத்துத் துடைத்து ஒளிபெறச் செய்ததைக் கண்டபின்னரே நமக்கு அதன் விலை தெரிந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரறிஞர் சு. வித்தியானந்தன் அவர்கள் இதனை உணர்ந்து செயலில் இறங்கினார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊர் ஊராகச் சென்று அண்ணாவிமாரைக் கண்டு கௌரவித்தார். பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளை ஏற்படுத்தினார். மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்துப் பல்கலைக்கழக மாணவரைப் பழக்கி, 1962இல் கர்ணன் போரை மேடையேற்றினார். 1963இல் நொண்டி நாடகமும், அதன்பின் இராவணேசன், வாலிவதை என்பனவும் தொடர்ந்தன. விடியும்வரை ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த அளவினதாய்ச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி ஒருபுறம் திறந்த மேடைக்கு இடங்கொடுத்தது. இது கூத்தைச் சிதைப்பதாகும் என்று குறை கூறியவரும் உண்டு. ஆனால் அந்த மாற்றம் இல்லையேல், நகரத்து மாணவர் அதனைக் கண்டிருப்பாரோ என்பது ஐயமே.

இவ்வியக்கத்திற் பங்கு கொண்டு பின்னர் பேராசிரியராய் உயர்ந்த சி. மௌனகுரு அவர்கள், வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்திற் பயின்ற காலத்திலேயே கூத்தாடிப் பழகியவர். பாடசாலை மேடையில் ஒரு சிறுவனுக்குக் கிடைத்த இடம், பல்கலைக்கழகம் வரை ஒரு கலையைக் கொண்டு சென்றது. கழகத்தின் பயன் அன்று மாலையே தெரிவதில்லை. இருபது ஆண்டுகள் சென்றபின் தெரியும்.

மலையகம் எங்கே?

இவ்வளவும் எழுதியபின் நம் நெஞ்சை ஒரு கேள்வி உறுத்துகின்றது. மேலே கூறிய பெயர்களுள் யாழ்ப்பாணம் உண்டு, மட்டக்களப்பு உண்டு, கொழும்பும் பேராதனையும் உண்டு. மாத்தளையும் கலேவெலவும் எங்கே?

சுவாமி விவேகானந்தர் சென்ற அதே வடவீதி வழியாகவே, அவருக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன், தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பலர் கால்நடையாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மடிந்தோர் ஆயிரக்கணக்கினர். உயிர் தப்பி வந்தோர் கையில் கொண்டுவந்த செல்வம் அதிகமில்லை. நெஞ்சில் கொண்டுவந்தவை மாரியம்மன் வழிபாடும் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் தப்பின் ஒலியுமே. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தில் மாசிமக விழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும்போது அந்த நெஞ்சத்தின் பெருமையை இன்றும் காணலாம்.

ஆனால் தோட்டப் பிள்ளைகளின் கல்வியோ நெடுங்காலம் ஓராசிரியர் பாடசாலையோடு நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் தோட்டங்களைச் சரிவர எட்டவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததோ 1970களிலேதான். உயர்தரப் பாடசாலையே இல்லாதவிடத்தில் உயர்தரப் பாடசாலைக் கழகம் ஏது? எனவே, யாழ்ப்பாணத்துக் கூத்தும் மட்டக்களப்புக் கூத்தும் கல்லூரி மேடையேறிய அந்நாட்களிலே, காமன் கூத்து லயத்து வாசலிலேயே நின்றுவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை போன்ற சிலர் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடில், அவற்றுட் பலவும் மறைந்தே போயிருக்கும்.

நாம் கல்வி பயின்றது மிஷனரிமார் தொடக்கிய ஒரு கல்லூரியில். அங்கே தமிழ் மன்றம் இருந்தது. ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சிகள் தெரிந்தபோது, தோட்டத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் தான் தப்படிக்க விரும்புவதாகக் கூறினான். அவனுடைய தகப்பனாரும் பாட்டனாரும் காமன் கூத்துக்கு அடித்தவர்கள். தோலை எவ்வளவு நேரம் நெருப்பிற் காய்ச்ச வேண்டும், எந்த அடிக்கு இரதி வருவாள், எந்த அடிக்குத் தூதன் வருவான் என்பதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நாம் வியந்திருந்தோம். கூட்டத்தில் ஒருவர், “அது செத்த வீட்டு மேளமல்லவா?” என்றார். சிலர் சிரித்தனர். தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை; பேச்சு அடுத்த நிகழ்ச்சிக்குச் சென்றுவிட்டது. அவன் அதன்பின் மன்றத்துக்கு வரவில்லை. அவ்வாறு கூறியவர் பாதிரியாருமல்லர், வெள்ளைக்காரருமல்லர். நம்மைப் போன்ற ஒரு சைவ மாணவரே. அருகில் இருந்த நாமும் வாய் திறந்தோமில்லை. அக்கூட்டத்தின் குறிப்பை எழுதியவரும் நாமே. நம் கலையை மதியாதவர் என்று மிஷனரிமாரைக் குறை கூறும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை நம் நினைவுக்கு வருகின்றது.

கோயிலில் அம்மனுக்கு முன் முழங்கும்போது தெய்வீகமாகத் தோன்றும் பறை, மேடைக்கு வந்தவுடன் தீட்டாகி விடுமோ? காமனை எரித்த கதை புராணத்தில் இருந்தால் புண்ணியம். அதனையே தோட்டத்து மக்கள் மாசி மாதத்தில் ஆடினால் பாமரத்தனமோ? இதனைப் பெரியோர் சிந்தித்தல் வேண்டும். இளைஞராகிய நாமும் சிந்தித்தல் வேண்டும். அன்று சிரித்தவர் இளைஞரே.

பரிசும் பயனும்

இக்காலப் பாடசாலைகளிலே கலை நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. கல்வி அமைச்சின் தமிழ்த்தினப் போட்டிகள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. பேச்சு, பாவோதல், இசை, நடனம், நாடகம் எனப் பல துறைகளிலும் மாணவர் போட்டியிடுகின்றனர். இவற்றால் விளைந்த நன்மை பெரிது. கிராமத்துப் பாடசாலையிலிருந்து தேசிய மட்டம் வரை சென்று வென்ற பிள்ளைகள் பலர். இருப்பினும் ஒரு குறையைச் சுட்டுதல் நம் கடமை. போட்டி நெருங்கும்போது ஒரு மாதம் பயிற்சி. முடிந்தபின் பதினொரு மாதம் உறக்கம். தெரிவு செய்யப்பட்ட ஐந்து பிள்ளைகள் ஆடுவர். மற்ற ஐம்பது பேர் கைதட்டுவர். போட்டி கலைஞரைத் தெரிந்தெடுக்கும். கழகம் கலைஞரையும் சுவைஞரையும் ஒருங்கே உருவாக்கும். வின்சர் கழகத்து ஆசிரியர்கள் பரிசுக்காகக் கூடியவர்களல்லர் என்பதை நினைவிற் கொள்க.

நாம் செய்யத்தக்கவை

கலேவெலவில் தமிழர் சிறு தொகையினர். சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் சூழ நாம் வாழ்கின்றோம். நம் பிள்ளைகள் பலர் தூர இடங்களுக்குச் சென்று கற்கின்றனர். ஒரே பாடசாலையில் ஒரு கழகத்தை அமைக்கும் தொகை நமக்கில்லை. ஆதலால் இங்கு பாடசாலை செய்ய வேண்டிய பணியை எமது சங்கமே ஏற்றுச் செய்தல் வேண்டும். பெரியோர் முன் மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது: வாரத்தில் ஒரு நாள், தவறாமல், பிள்ளைகள் கூடுதற்கு ஓர் இடம் வேண்டும். அழகிய கட்டடம் வேண்டியதில்லை. கதவு திறந்திருந்தாற் போதும். எப்பாடசாலையிற் பயில்பவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும் அங்கு இடமிருத்தல் வேண்டும்.

இரண்டாவது: மாத்தளைத் தோட்டங்களிலே காமன் கூத்தும் தப்பும் அறிந்த முதியவர்கள் இன்னும் உள்ளனர். அவர்களை ஆசிரியராக அழைத்தல் வேண்டும். விழா முடிவில் வேட்டி ஒன்றைப் போர்த்தி அனுப்பிவிடாது, அண்ணாவியார் என்று மரியாதையோடு விளித்து, முன்வரிசையில் ஆசனம் தந்து, நம் பிள்ளைகளை அவர் காலடியில் இருத்திப் பழக்குதல் வேண்டும். அவர் பாடுவதை நம் இளைஞர் எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது: அயலவரையும் அழைத்தல் வேண்டும். தமிழ் மாணவர் சிங்களம் கற்க வேண்டுமென்று அந்நாளிலேயே கூறினர் மாணவர் காங்கிரசார். தமிழ்க் கூத்தின் வழிவந்த கலையைக் கொண்டே சிங்கள நாடகம் மறுமலர்ச்சி பெற்றது. நமக்கு அண்மையில், மாத்தளை வீதியிலுள்ள நாலந்தா கெடிகே தென்னாட்டுக் கோயிற் சிற்ப மரபில் எழுந்த பௌத்தக் கட்டடம். மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கத்தினால் அது மூழ்கவிருந்தபோது, 1970களிலே கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடத்திற் கொண்டுவந்து மீண்டும் எழுப்பினர். கற்களுக்குச் செய்த அப்பணியை நம் கலைகளுக்குச் செய்ய இயலாதோ? இரு மொழி பேசும் பிள்ளைகளும் சேர்ந்து அக்கட்டடத்தைச் சென்று கண்டு வருவதே கழகத்தின் முதற் பயணமாக அமையட்டும்.

விவேகானந்தர் வந்த வண்டியின் சில்லு தம்புள்ளைக்கு அப்பால் உடைந்தது. சில்லு உடைந்ததென்று அவர் திரும்பிவிடவில்லை. கிடைத்த வண்டியைக் கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். நம் கலைப் பயணத்தின் சில்லும் பலமுறை உடைந்துள்ளது. கைவசம் உள்ள வண்டி சிறிதே ஆயினும் அதில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவோம். அன்று நாம் பேசாதிருந்ததனால் மன்றத்தை விட்டுச் சென்ற நண்பன் எங்கிருந்தாலும், அடுத்த ஆண்டு விழாவுக்கு அவனையும் அவன் தப்பையும் அழைப்பது நம் முதற் கடமை.

வாழ்க தமிழ்க் கலைகள்! வளர்க நம் சங்கம்!